குர்ஆனில் நான் வைத்த பென்சில் புள்ளிகள்

நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பச்சைத் துணி சுற்றி வைத்திருக்கும் குர்ஆனில், ஒன்பதாவது பாகத்தில் இரண்டு பக்கங்களில் பென்சில் புள்ளிகள் இருக்கின்றன. போன வாரம் நீங்கள் இருவரும் அதைக் கண்டுபிடித்து, "அத்தா, யாரோ குர்ஆன்ல கிறுக்கி வச்சிருக்காங்க. யாருன்னு பாத்து நாலு சாத்து சாத்துங்க" என்று என் முன்னால் வந்து நின்றீர்கள். கிறுக்கியது நான்தான். அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் அக்கா பக்கத்து அறையில் இருந்தாள்.

அதனால் எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வண்டிச் சீட்டுக்கு ரெக்சின் தைப்பதென்றால் கோணாமல் தைப்பேன். எழுத்து அப்படி வராது. ஆனால் இதை வேறு யார் சொன்னாலும் என் தப்பை விட்டுவிட்டுச் சொல்லிவிடுவார்கள். உங்கள் அக்கா உயிரோடு வீடு திரும்புவாளா மாட்டாளா என்பது ஒரு காலத்தில் தினமும் காலையில் நம் வாசலில் நின்ற கேள்வி. அது அங்கே நிற்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. நீங்கள் இருவரும் பொடிசுகள். பழனி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண்பிள்ளைகள் மதரசாவில் அவள் ஹிப்ழு வகுப்பில், அதாவது குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்யும் வகுப்பில் இருந்தாள். காலை ஏழு மணிக்கு அங்கே. அதற்கு முன், விடியற்காலைச் சுபுஹுத் தொழுகை முடிந்ததும், அன்றைய பாடத்தை வீட்டில் யாரிடமாவது பார்க்காமல் ஓதிக் காட்டவேண்டும். கேட்டவர் நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். நம் வீட்டில் அந்தக் கையெழுத்து என்னுடையது.

எனக்கு அரபி எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். அர்த்தம் தெரியாது. அவள் மனப்பாடமாக ஓதும் வேகத்துக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்றால், மடியில் குர்ஆனை வைத்து, எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போகவேண்டும். கண்ணை எடுத்தால் வரி தவறிவிடும். அதனால் ஒரு வருடத்துக்கு மேல், தினமும் அரை மணி நேரம், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

ஓதும்போது அவள் நடுவில் நிறுத்துவாள். ஓர் எட்டுப் பத்து வினாடி சத்தம் இருக்காது. பிறகு திரும்பத் தொடங்குவாள். குர்ஆனில் வரிக்கு மேலே சின்னச் சின்னதாக, இங்கே நிறுத்தலாம் இங்கே நிறுத்தக்கூடாது என்று குறிகள் இருக்கும். அந்தக் குறி பார்த்துத்தான் அவள் நிறுத்துகிறாள் என்று நான் நினைத்தேன். கடைக்கு வந்த பஸ் ஓனர் ஒருவரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்: "எம்மக நிறுத்தி ஓதுற அழகே தனிண்ணே."

மதரசாவிலிருந்து முதலில் வந்தது நோட்டில் ஒரு வரி. 'கவனம் இல்லை.' அடுத்த வாரம், 'ஓதும்போது நடுவில் பராக்குப் பார்க்கிறாள்.' பிறகு, மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் ஹிப்ழு வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று சிவப்பு மையில் எழுதி வந்தது. பெயரை எடுத்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அன்று எனக்குப் பெரிய பயம்.

"ஏத்தா, எதுக்கு நடுவுல நிறுத்துற? அங்க என்ன சினிமாவா ஓடுது?" என்று கேட்டேன்.

"நான் நிறுத்தலைத்தா" என்றாள்.

"நிறுத்தலையா? நோட்டுல எழுதுனவங்க பொய்யா எழுதுறாங்க?"

"நெசமா நிறுத்தலைத்தா. நான் பாட்டுக்கு ஓதிக்கிட்டே இருக்கேன். திடுதிப்புனு ஆலிமா திட்டுறாங்க."

ஆலிமா என்றால் மதரசாவில் ஓதிக்கொடுக்கும் பெண். உங்கள் அக்கா பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்து முதுகில் ஓர் அடி வைத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டிலும் ஒவ்வொன்றாக நடந்தது. பாலை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தவள், டம்ளர் நிறைந்து வழிந்து தரையெல்லாம் ஓடியும் ஊற்றிக்கொண்டே நின்றாள். உங்கள் அம்மா கத்தியதும், "ஐயோ, யாரு கொட்டுனது?" என்று கேட்டாள். அது நடிப்பு என்றாள் அம்மா. கண்ணு பட்டிருக்கு என்றாள் பெரியம்மா. கறிவேப்பிலை பறிக்கப் போனவள் சுவரைப் பார்த்து நின்றதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகவும், அது நல்லதுக்கில்லை என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் கறிவேப்பிலைச் செடிப் பக்கம் வீட்டில் யாரும் தனியாகப் போகவில்லை, நான் உட்பட.

பள்ளிவாசலில் தொழவைக்கும் அஜரத்திடம் கூட்டிப் போனேன். அவர் துஆ ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "எதுக்கும் டாக்டர்ட்டயும் ஒரு வார்த்தை காட்டிருங்க" என்றார். மனிதர் இரண்டையும் சொன்னார். நான் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதோடு நானாக ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தேன். மதரசா வேனில் மற்ற பிள்ளைகளோடு பேசிக்கொண்டு போவதால்தான் பாடம் சிதறுகிறது என்று எனக்குத் தோன்றியது. ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். நீல நிறம், முன்னால் கூடை வைத்தது. அதைக் கையில் கொடுத்துச் சொன்னேன்: "சைக்கிள்ல போறப்ப வாய்க்குள்ள ஓதிக்கிட்டே போ தாயி. ஒரு இடத்துலயும் விடாத. அப்பத்தான் மனசுல நிக்கும்."

பழனி ரோட்டைக் கடக்கிற பிள்ளைக்கு அவள் தகப்பன் சொன்ன புத்தி இது.

தை மாதம் பிறந்தபோது மதரசாவிலிருந்து சீட்டு வந்தது. வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கவுன்சிலிங் அறைக்குத் தகப்பனார் வரவும் என்று இருந்தது. உங்கள் மாமா அதைப் படித்துவிட்டு, "கவுன்சிலிங்கா? அஞ்சாப்பு தாண்டுனதுக்குள்ள பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டு தாராகளா மச்சான்?" என்று சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த ரூமுக்குப் போனா மூளை சரியில்லைனு எழுதிருவாகளாம். பொட்டப்புள்ளைங்க. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்கு வாழப்போகணும்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

முன்பு தொழுகைப் பாய்கள் அடுக்கி வைத்திருந்த சின்ன அறை அது. நடுவில் பழுப்பு நிறத் திரை. அங்கே ஆண்கள் வந்தால் ஆலிமாக்கள் திரைக்குப் பின்னால் இருந்துதான் பேசுவார்கள். இந்தப் பக்கம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், ரெஹால் பலகையில் விரித்த குர்ஆனும். அந்தப் பக்கம் அக்காவும் ஓர் ஆலிமாவும். குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பேச்சு ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு. பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்பதற்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்திருந்தார்.

சலாம் சொல்லி முடித்ததும் நான் முந்திக்கொண்டேன். "சேட்டை எதுவும் பண்ணிட்டாளாம்மா?"

"சேட்டை ஒண்ணுமில்லீங்கண்ணா. வீட்ல நீங்கதானுங்க ஓதக் கேக்கறது?"

"தெனமும் நாந்தான். கையெழுத்தப் பாருங்க, ஒரு நாள் விட்டிருக்கனா?"

"பாத்தனுங்க. கேக்கும்போது உங்க கண்ணு எங்கீங்க இருக்கும்?"

"இதென்ன கேள்வி? எழுத்துலதான் இருக்கும்."

"செரிங்க. இப்பவும் அப்படியே கேளுங்க" என்றவர், அவளைப் பார்த்து, "ஓது கண்ணு" என்றார்.

அக்கா ஓதினாள். நான் விரலை ஓட்டினேன். நாலாவது வரியில் சத்தம் நின்றது. இவ்வளவு நேரம் அவள் குரலால் நிறைந்திருந்த அறை காலியானது போல இருந்தது. வெளியே ரோட்டில் ஹாரன் சத்தம். மேலே மின்விசிறி சத்தம்.

"பாத்தீங்களா, குறி பாத்து நிறுத்துறா" என்றேன்.

"அங்க குறி இல்லீங்கண்ணா." திரைக்குப் பின்னால் அந்தக் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நான் இப்ப இவ மூஞ்சிக்கு நேரா கையை ஆட்டிட்டு இருக்கேன். இவளுக்குத் தெரியல."

எனக்கு எழுந்து திரையை விலக்கவேண்டும் போல இருந்தது. அதற்குள் அக்காவின் குரல் திரும்ப வந்தது, விட்ட இடத்திலிருந்தே, எதுவுமே நடக்காதது போல. பிறகு அவளாகவே நிறுத்தி, "என்னங்க ஆலிமா? ஏன் அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

அவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு ஆலிமா சொன்னார். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓதும் வகுப்பில் இது யாருக்கும் தெரியவில்லை, வகுப்பு ஆலிமாக்களுக்கு இது பராக்கு. தனக்கு அந்தப் பாடம் மனப்பாடம் என்பதால் புத்தகத்தைப் பார்க்கவேண்டிய வேலை இல்லை, அதனால் கண் அவள் முகத்தில் இருந்தது. "பிடிவாதமும் இல்லீங்க, பேயும் இல்லீங்க. ஒடம்புல ஏதோ இருக்குது. நரம்பு டாக்டர்கிட்ட காட்டோணும். எத்தனை தடவை வருதுன்னு அவங்க கேப்பாங்க. நாளைக்கு ஓதும்போது, நிக்கற எடத்துல எல்லாம் ஒரு புள்ளி வையுங்க."

"எதுல?"

"குர்ஆன்லயேதானுங்க. பென்சில்ல, லேசா."

"குர்ஆன்ல பென்சில வைக்கச் சொல்றீங்களா?"

"அழிச்சுக்கலாமுங்கண்ணா. பாவம்னா அது எனக்கு வரட்டும்." கொஞ்சம் பொறுத்து, "பொண்ணு எதுலீங்க வருது? வேன்லதானே?" என்றார்.

"சைக்கிள்ல."

"இன்னைக்கே நிறுத்திப்போடுங்க. கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் அதிகாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். நேற்றுப் படித்துவிட்டு வந்த பெண், என் பிள்ளைக்கு நரம்புக் கோளாறு என்கிறாள். அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன். சைக்கிளைப் பூட்டவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளி, மதரசா விடுமுறை. சுபுஹுக்குப் பிறகு அவள் வீட்டில் ஓதினாள். நான் குர்ஆனைத் தொடுவதற்காக ஒளு செய்து கழுவிய கையில் பென்சிலைப் பிடித்து, லேசாகப் புள்ளி வைத்தேன். பதினொரு புள்ளி. கண் அப்போதும் எழுத்தில்தான். முகத்தைப் பார்க்க எனக்குப் பயம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை ஒரே பனி. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியும் முன்பே ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். பழனி சீசனுக்காக இரண்டு பஸ்ஸுக்குச் சீட்டுத் தைத்துக் கொடுக்கவேண்டியிருந்ததால், நான் ஓதக் கேட்காமலே நோட்டில் கையெழுத்துப் போட்டேன். "வாரேன்த்தா" என்று அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் சொன்னபடியே வாய்க்குள் ஓதிக்கொண்டு போனாள்.

டீ குடிக்க உட்கார்ந்தவன் சும்மா குர்ஆனை எடுத்து நேற்றைய பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது புள்ளி ஒரு சொல்லின் நடுவில் இருந்தது. வரியின் நடுவில் இல்லை, ஒரே சொல்லின் நடுவில். பாதிச் சொல் புள்ளிக்கு இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். அடுத்ததைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. மூச்சு முட்டினாலும் சொல்லை முடித்துவிட்டுத்தான் நிறுத்தவேண்டும் என்பது எனக்கு ஆறு வயதில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். ஓதத் தெரிந்த யாரும் அங்கே நிறுத்தமாட்டார்கள். அவள் நிறுத்தவில்லை என்று அவளே சொன்னாள். நான் அடித்தேன்.

டீயை அப்படியே வைத்துவிட்டு மொபெட்டை எடுத்தேன். உங்கள் அம்மா பின்னாலிருந்து "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது.

பழனி ரோட்டுத் திருப்பத்தில் அவளைப் பார்த்துவிட்டேன். எனக்கு முன்னால் ஒரு கூப்பிடு தூரம். பனியில் அந்த நீல சைக்கிளும் வெள்ளை முக்காடும் தெரிந்தன. ரோட்டோரமாகப் பச்சைச் சேலைகளில் யாத்திரைப் பெண்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றப் போகும் காலி லாரிகள் அந்த நேரத்தில் விரட்டிக்கொண்டுதான் போகும். ரோட்டைக் கடக்க அவள் ஒரு காலை ஊன்றி நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். சொல்லிக் கொடுத்தபடி எல்லாம் செய்தாள். ஒரு லாரி போனது. அவள் பெடலை மிதித்தாள்.

நடு ரோட்டில் அவள் கால் நின்றது. மிதிப்பதுதான் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. மிதிக்காத சைக்கிள் எப்படிப் போகும், வேகம் குறைந்துகொண்டே, லேசாக ஆடிக்கொண்டே, அப்படிப் போனது. ஹாரன் கேட்டது. அவள் தலை திரும்பவில்லை. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

யாத்திரையில் வந்த ஓர் அம்மாள், "புள்ள! புள்ள!" என்று அலறிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி லாரிக்கு முன்னால் ரோட்டில் இறங்கிவிட்டார். டயர் தேயும் சத்தம். லாரி ஒரு பக்கமாக இழுத்து நின்றது. அதன் முகப்புக்கும் சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கலாம். சைக்கிள் பாட்டுக்குப் போய் அந்தப் பக்க மண்ணில் இறங்கியது. விழவில்லை. இறங்கிய இடத்தில் அவள் கால் மறுபடி மிதிக்கத் தொடங்கியது.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏலே, யாரு பெத்த பிள்ளைடா இது? காது செவிடா? சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?" என்று கத்தினான். "என் பிள்ளைதான்ப்பா" என்றேன்.

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "அது மொகத்துல ஒண்ணுமே இல்லப்பா. தூங்குற புள்ள மாதிரி போவுது. டாக்டர்ட்ட காட்டுப்பா" என்றார். ஒரு வருடமாக நான் பார்க்காததை அவர் ஒரு நொடியில் பார்த்துவிட்டார்.

நான் ஓடிப்போய் சைக்கிளைப் பிடித்ததும் அக்கா திரும்பினாள். "அத்தா! நீங்க எங்க இங்க? என்ன கூட்டம் அங்க? யாரும் அடிபட்டாகளா?" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் உதடு விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கியிருந்தது.

அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப் போனோம். அங்கே நரம்பு டாக்டரம்மா அவள் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, நிறுத்தாமல் ஊதிச் சுற்றவைக்கச் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே ஊதினாள். இரண்டு நிமிடம் இருக்கும். காற்றாடி மெதுவாகி நின்றது. அவள் கண் பாதி மேலே ஏறி, இமை படபடவென்று துடித்தது. உதடு எதையோ மெல்லுவது போல லேசாக அசைந்தது. இந்த முகத்தின் பக்கத்தில்தான் நான் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் அம்மா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

வலிப்பிலேயே இது ஒரு வகை என்றார் டாக்டரம்மா. விழமாட்டார்கள், நுரை தள்ளாது, சில வினாடி ஆள் இருக்கும் இடத்தில் இருக்கமாட்டார்கள். வேகமாக மூச்சு வாங்கினால் அதிகம் வரும். நான் துணியைப் பிரித்துக் குர்ஆனைக் காட்டினேன். அவர் தொடவில்லை. "நீங்களே திருப்பிக் காட்டுங்க" என்று சொல்லிப் புள்ளிகளை எண்ணி எழுதிக்கொண்டார். "யாரு இதை வைக்கச் சொன்னது? அவங்களுக்கு நன்றி சொல்லுங்க" என்றார்.

சொல்லப் போனேன். அதே நாற்காலி, அதே பழுப்புத் திரை. நடந்ததைச் சொன்னேன், சைக்கிளை நிறுத்தாததையும் சேர்த்து. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் அன்னைக்கே உங்க வீட்டுக்கு வந்து அந்த சைக்கிளைப் பூட்டியிருக்கோணுமுங்க" என்றார். அவர் முகம் எனக்கு இன்று வரை தெரியாது.

ஹிப்ழு வகுப்பிலிருந்து அவள் பெயரை எடுக்கவில்லை. காலையும் இரவும் மாத்திரை. ஓதும்போது நடுவில் நிற்பது குறைந்தது, பிறகு இல்லாமலே போனது. வளர வளரப் போய்விடலாம், போகாமலும் இருக்கலாம், மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மொட்டைமாடிக்குத் தனியாகப் போகக்கூடாது, கிணறு கூடாது, அடுப்படியில் தனியாக நிற்கக்கூடாது. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக்கூடாது என்பதில்தான் அவளுக்கும் அம்மாவுக்கும் தினமும் சண்டை. பதிமூன்று வயதுப் பெண்ணுக்குக் கோபம் வராமல் இருக்குமா? உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றால் வெளியே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் கோபம்.

அந்தப் புள்ளிகளை நான் அழிக்கவில்லை. நீங்களும் அழிக்காதீர்கள்.

இப்போது நீங்கள் இருவரும் ஓதிக் காட்டும்போது நான் குர்ஆனை மடியில் வைப்பதில்லை. தப்பைத் திருத்த உங்கள் அக்கா இருக்கிறாள், அவளுக்கு அந்தப் பாகமெல்லாம் மனப்பாடம். நான் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். "எதுக்குத்தா மொறைக்கிறீங்க, ஓத வர மாட்டேங்குது" என்று சிரிக்கிறீர்கள்.

நேற்று உங்களில் சின்னவள் ஓதிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். குறி பார்த்து நிறுத்தினாளா என்று எனக்குத் தெரியவில்லை, புத்தகம் அக்காவிடம் இருந்தது. அக்காவும் நிமிர்ந்து தங்கச்சியைத்தான் பார்த்தாள். நாங்கள் இருவரும் அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணினேன். நாலில் அவள் கண்ணை உருட்டி, "தண்ணி வேணும்த்தா" என்றாள்.

அக்காதான் எழுந்து போய் எடுத்து வந்தாள். டம்ளர் நிறையும் வரை நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.